யார் கேட்டு வந்தது?

என் மேசையின் அடி இழுப்பறையில் ஒரு லாங் சைஸ் நோட்டு கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு வாங்குவோமே, அந்த வகை. பக்கத்துக்கு மூன்று பத்தி கோடு போட்டிருக்கிறேன். முதல் பத்தியில் பேக்கேஜின் பெயர், இரண்டாவதில் போட்ட தேதி, மூன்றாவதில் 'எதற்காக'. ஒரு லினக்ஸ் கணினியில் நானாக ஏற்றிய ஒவ்வொன்றும் அதில் இருக்கும். இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த நோட்டு பிறந்ததற்கு ஒரு கதை உண்டு.

2000-ஆம் வருடம். பாளையங்கோட்டையில் மாணவர்கள் மூவர் சேர்ந்து எடுத்திருந்த ஓர் அறை. நான்கு ஜிபி சொச்சம் ஹார்டு டிஸ்க். அதில் பெரும்பங்கு விண்டோஸ் 98-க்கு. ஓரமாக வெட்டிக் கொடுத்த ஒரு ஜிபி சொச்சம் லினக்ஸுக்கு. கம்ப்யூட்டர் இதழ் ஒன்றோடு இலவசமாக வந்த ரெட் ஹாட் சிடி. இன்ஸ்டால் செய்யும்போது கண்ணில் பட்டதையெல்லாம் டிக் அடித்திருந்தேன். ஓசியில் வருவதை ஏன் விட வேண்டும் என்ற நினைப்பு. இரண்டே வாரத்தில் இடம் தீர்ந்தது.

சரி, வேண்டாததை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏறியிருந்த பேக்கேஜ்களை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்ததில், மேலே பெரிதாக ஒன்று நின்றது: ஜிலிப்சி. அதை நான் ஒரு நாளும் திறந்ததில்லை, மெனுவிலும் அப்படி ஒரு பெயர் இல்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு இடம்? எடு என்றேன். பேக்கேஜ்களைக் கவனிக்கும் ஆர்பிஎம் மாட்டேன் என்றது. இது அதற்கு வேண்டும், அது இதற்கு வேண்டும் என்று திரை திரையாக ஓடியது. பக்கத்திலிருந்த அறை நண்பன், "நோடெப்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, போடு. வாயை மூடிக்கிட்டுச் செஞ்சிடும்" என்றான்.

செய்தது.

அடுத்து எல்எஸ் அடித்தேன். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது. சிபி, எம்வி, எது அடித்தாலும் அதே பதில். ஆனால் எக்கோ மட்டும் வேலை செய்தது, அது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை என்பதால். எக்கோவை வைத்து பின் டைரக்டரியில் இருப்பதைக் காட்டச் சொன்னால் எல்எஸ் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது! பேய் பிடித்த மாதிரி இருந்தது. பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. இல்லாமல் போனது எல்எஸ் அல்ல. எல்எஸ்ஸை நினைவகத்தில் ஏற்றிவிடும் லோடர். அது ஜிலிப்சியோடு போய்விட்டது. கணினியில் ஏறக்குறைய ஒவ்வொரு புரோகிராமும் காலூன்றி நிற்கும் தரையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, வீடு ஏன் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிடியிலிருந்து பூட் செய்து மீட்கலாம் என்று அன்று எனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தேன். மறுநாள் நோட்டு வாங்கினேன்.

அந்தக் காலத்தில் பொதுவாக நிலைமை இதுதான். மூலநிரலை இறக்கி, 'மேக் இன்ஸ்டால்' போட்டு ஏற்றியதென்றால் எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்பதற்குக் கணக்கே இருக்காது. நிரலை எழுதியவர் மனது வைத்து 'மேக் அன்இன்ஸ்டால்' எழுதியிருந்தால் உண்டு. 1993-இல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் ஒரு படி மேலே போய், எந்த பேக்கேஜ் எந்தெந்தக் கோப்புகளை வைத்தது என்று பட்டியல் எழுதி வைத்தது. எடு என்றால் பட்டியலைப் பார்த்து எடுத்துவிடும். ஆனால் எடுப்பதால் வேறு யார் தவிப்பார்கள் என்பது அதன் கவலை இல்லை. இன்றும் ஸ்லாக்வேரின் சொந்தக் கருவிகள் அப்படித்தான். அது பிடித்தவர்களுக்கு இதற்காகவே பிடிக்கிறது.

அதே 1993-இல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார் (தன் பெயரையும் அன்றைய காதலி டெப்ராவின் பெயரையும் ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர்). டெபியனின் டிபிகேஜியும் 1995-இல் ரெட் ஹாட்டோடு வந்த ஆர்பிஎம்மும் 'இது இருக்க அது வேண்டும்' என்ற விவரத்தை ஒவ்வொரு பேக்கேஜிலும் எழுதி வைத்தன. டிபென்டன்சி என்பது அதுதான். நீக்கச் சொன்னால் அந்த விவரத்தைப் பார்த்து, யாருக்காவது வேண்டும் என்றிருந்தால் மறுத்துவிடும். அதிகாரியிடம் மனு கொடுத்த கதைதான். காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார். மேலிடத்துச் சீட்டோடு போனால், அதாவது நோடெப்ஸ் என்றால், கேள்வியே இல்லாமல் கையெழுத்து.

1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-இல் ஆப்ட் என்ற கருவி அறிமுகமானது. ஒன்றைக் கேட்டால் அதற்கு வேண்டிய பத்தையும் தானே தேடி இறக்கிக்கொள்ளும். டியூக் பல்கலைக்கழகத்தில் சேத் விடல் வளர்த்தெடுத்த யம், ரெட் ஹாட் வகைகளுக்கு அதே வசதியைக் கொண்டுவந்தது. ஏற்றுவது எளிதானதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். நீக்குவதில் நடந்த மாற்றம்தான் பெரிது என்பது என் எண்ணம். அதை அன்று யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. பழைய கருவி 'முடியாது' என்றது. புதியது 'செய்கிறேன், ஆனால் இதை எடுத்தால் இவர்களும் போவார்கள், சம்மதமா?' என்று கேட்டது. மறுப்பு போய் சம்மதம் வந்தது. 'ஒய்' அடித்தால் போதும்.

சம்மதம் கேட்பது நாகரிகம்தான். கேட்கப்படுபவர் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமே!

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

"மாமா, ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. கறுப்பா லாகின் மட்டும் கேக்குது."

"என்னடா செஞ்ச?"

"பைத்தான் பழசா இருந்துச்சு. எடுத்துட்டுப் புதுசு போடலாம்னு…"

"எடுக்கும்போது ஒரு லிஸ்ட் காட்டியிருக்குமே?"

"காட்டுச்சு மாமா. நீளமா இருந்துச்சு. ஒய் குடுத்துட்டேன்."

உபுண்டுவில் சிஸ்டத்தோடு வரும் பைத்தான் 3 நாம் புரோகிராம் எழுதிப் பழகுவதற்காக வைத்ததல்ல. டெஸ்க்டாப்பின் பல உறுப்புகள் அதன் மேல் நிற்கின்றன. அதை எடுத்தால் 'உபுண்டு-டெஸ்க்டாப்' உள்பட ஒரு கூட்டமே பின்னால் கிளம்பும். புதிய பைத்தான் வேண்டுமென்றால் பழையதைத் தொடாமல் பக்கத்தில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அதை அவனிடம் அப்புறம் சொன்னேன். முதலில் அந்தக் கறுப்புத் திரையிலேயே லாகின் செய்யச் சொல்லி, மொபைலை யூஎஸ்பி கேபிளில் சொருகி நெட் கொடுக்கச் சொல்லி, ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகைத் திறக்கச் சொன்னேன். எந்தத் தேதி, எந்த நேரத்தில், எந்தக் கட்டளையால், எதெல்லாம் போனது என்று பெயர் பெயராக அதில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. 2000-இல் எனக்கு ஒரு ராத்திரி போனது.

பிள்ளையை மட்டும் சொல்வானேன்? 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் என்ற கனடா யூடியூபர் (லினக்ஸைப் படைத்தவரும் லைனஸ்தான், இவர் வேறு) கேமராவின் முன்னாலேயே இதைச் செய்தார். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் கேம் ஆட ஸ்டீமை ஏற்றப் போனார். பேக்கேஜ்களுக்குள் ஒரு முரண். ஸ்டீம் வேண்டுமானால் டெஸ்க்டாப்பை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆப்ட் எச்சரித்தது. தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்றை எழுத்துக்கு எழுத்து அடிக்க வேண்டும். அடித்தார். டெஸ்க்டாப் போனது. உலகம் பார்த்தது. அடுத்த சில நாட்களிலேயே வந்த ஆப்ட் பதிப்பு, அத்தியாவசியம் என்று குறித்த பேக்கேஜ்களைத் தானாக நீக்க வழி தேடுவதையே நிறுத்திக்கொண்டது. அவரைக் கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கு ஜிலிப்சி நினைவு வந்ததால் சிரிப்பு வரவில்லை.

நீக்குவதில் இன்னொரு பக்கம் உண்டு: ஒன்றை எடுத்த பிறகு, அதற்காக வந்தவை என்ன ஆகும்? ஆப்ட் வந்த புதிதில் இதற்கு விடை இல்லை. ஒரு வீடியோ பிளேயரை ஏற்றினால் கூடவே இருபது லைப்ரரி வரும். பிளேயரை எடுத்தால் அது மட்டும் போகும், இருபதும் தங்கிவிடும். ஓரிரு வருடத்தில் கணினி, கல்யாணம் முடிந்தும் ஊருக்குப் போகாத உறவினர்கள் நிறைந்த வீடாகிவிடும். இந்த அனாதைகளைக் கண்டுபிடிக்க டெப்ஆர்ஃபன் என்று ஒரு கருவி வைத்திருந்தோம். யாருக்கும் வேண்டாத லைப்ரரிகளைப் பட்டியல் போட்டுத் தரும். அதை எடுத்தால் புதிதாகச் சில அனாதைகள் கிளம்பும். மறுபடி ஓட்டு, மறுபடி எடு. சனிக்கிழமை மத்தியானம் முழுக்க இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கருவிக்கும் ஒரு விஷயம் தெரியாது: இந்த லைப்ரரி தானாக வந்ததா, நான் கேட்டு வந்ததா? யாருக்கும் வேண்டாம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எனக்கு வேண்டுமா என்பதற்கு நோட்டைப் புரட்ட வேண்டும்.

2000-களில் முதலில் ஆப்டிட்யூடும் பிறகு ஆப்ட்-கெட்டும் செய்த காரியம், என் நோட்டைக் கணினிக்குள் கொண்டுபோனது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஓர் அடையாளம்: பெயர் சொல்லி நீங்கள் அழைத்ததென்றால் 'மேனுவல்', இன்னொன்றோடு தொற்றிக்கொண்டு வந்ததென்றால் 'ஆட்டோ'. பத்திரிகையில் பெயர் எழுதி அழைத்தவர், 'குடும்பத்துடன்' என்றதால் வந்தவர் என்ற வித்தியாசம்தான். எக்ஸ்டெண்டெட் ஸ்டேட்ஸ் என்ற சாதாரண உரைக்கோப்பில் அது எழுதியிருக்கும், திறந்து பார்க்கலாம். 'ஆட்டோரிமூவ்' என்றால், பெயர் சொல்லி அழைத்தவர்களிடம் தொடங்கி அவர்களுக்கு யார் யார் வேண்டும், அவர்களுக்கு யார் வேண்டும் என்று வழி பிடித்துப் போய், யாராலும் எட்டப்படாத ஆட்டோ பேக்கேஜ்களை வழியனுப்பிவைக்கிறது. ஆர்பிஎம் உலகில், 2015-இல் ஃபெடோரா 22-இல் யம்மின் இடத்துக்கு வந்த டிஎன்எஃப் இன்னும் தாராளம். ஒன்றை எடுக்கும்போதே கூட வந்தவர்களையும் கையோடு அனுப்பிவிடும். தவறிப்போனால் 'ஹிஸ்டரி அன்டூ' என்று அந்த ஒரு காரியத்தையே திருப்பிப் போடவும் சொல்லலாம். ஆர்ச்சில் பேக்மேன் கட்டளையோடு மூன்று எழுத்தைச் சேர்த்தால் எல்லாம் ஒரே வீச்சில் முடியும்.

ஆட்டோரிமூவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? முழுக்க முடியாது. நீங்கள் மூலநிரலிலிருந்து நேரடியாகக் கட்டி ஏற்றிய புரோகிராம் ஆப்ட்டின் பேரேட்டில் இல்லை. அதற்கு வேண்டிய லைப்ரரியை ஆப்ட் 'யாருக்கும் வேண்டாம்' என்று தூக்கிவிடும். அப்படி ஒன்று இருந்தால் 'ஆப்ட்-மார்க்' கட்டளையால் அந்த லைப்ரரியை மேனுவல் ஆக்கிவிட வேண்டும். பெயர் எழுதாமல் வந்தவருக்கு நாமே பத்திரிகை கொடுத்துவிடுவது போல. மெட்டா பேக்கேஜ்களும் ஒரு பொறி. க்னோம் டெஸ்க்டாப்போடு வந்த ஒரு மெயில் புரோகிராம் வேண்டாமே என்று எடுத்தால் 'க்னோம்' என்ற வெறும் பெயர்ப்பலகை பேக்கேஜும் போகும். பெயர்ப்பலகை போனதும் அதன் கீழ் வந்த டெஸ்க்டாப் உறுப்புகள் எல்லாம் அனாதை. அடுத்த ஆட்டோரிமூவ் பட்டியலில் முழு டெஸ்க்டாப்பும் வரிசையில் நிற்கும். இதைப் பலர் பட்டு அனுபவித்த பிறகு ஆப்ட் கொஞ்சம் சூதானமாகியிருக்கிறது. பெயர்ப்பலகையை எடுத்தால் கீழிருப்பவற்றை மேனுவலாக மாற்றிவிடுகிறது. ஆனாலும் பட்டியலில் டெஸ்க்டாப், நெட்வொர்க், கிரப், கெர்னல் போன்ற பெயர்கள் தென்பட்டால் என் விரல் தானாக 'என்' பக்கம் போகிறது.

கெர்னல் என்றதும் பூட் பார்ட்டிஷன் ஞாபகம். முன்பெல்லாம் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து உபுண்டு போட்டால் பூட்டுக்கென்று சில நூறு எம்பியில் தனி அறை ஒதுக்கும். ஒவ்வொரு அப்டேட்டிலும் புதுக் கெர்னல் வந்து அதில் உட்காரும். பழையது எழுந்து போகாது. ஒரு நாள் அறை நிரம்பும். நிரம்பினால் புதுக் கெர்னல் பாதியில் நிற்கும், ஆப்ட் திணறும், ஆட்டோரிமூவ்கூட ஓடாது. டிபிகேஜியால் பழைய கெர்னல்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும், 'யூநேம்' போட்டு இப்போது ஓடிக்கொண்டிருப்பது எது என்று இரண்டு முறை பார்த்துவிட்டு. உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டக் கூடாதல்லவா? இன்றோ, ஓடும் கெர்னலையும் புதியதையும் ஆப்ட் காத்துவைத்து மற்றவற்றை ஆட்டோரிமூவில் அனுப்பிவிடுகிறது. இது ஒன்றுக்காகவே அந்தக் கட்டளைக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

நீக்குவதிலேயே இரண்டு தரம் உண்டு. 'ரிமூவ்' என்றால் புரோகிராம் போகும், அமைப்புக் கோப்புகள் நிற்கும். 'பர்ஜ்' என்றால் அவையும் போகும். டிபிகேஜியின் பட்டியலில் 'ஆர்சி' என்று தொடங்கும் வரிகள் முதல் வகையினர்; ஆள் போய்விட்டார், பெட்டி இருக்கிறது. அவை பெரும்பாலும் சில கேபி உரைக்கோப்புகள். அதற்காகத் தேடித் தேடிப் பர்ஜ் செய்கிறவர்களின் சுத்த உணர்ச்சியை மதிக்கிறேன், பின்பற்றவில்லை. மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ் பேக்கேஜைப் பர்ஜ் செய்யும்போது, உள்ளே இருக்கும் டேட்டாவையும் அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். அங்கே அவசரப்பட்டவர்களை எந்த ஹிஸ்டரி லாகும் காப்பாற்றாது. பேக்கேஜைத் திரும்ப ஏற்றலாம். டேட்டாவுக்கு பேக்கப்தான் கதி.

இத்தனைக்கும் ஏன் எடுக்க வேண்டும் என்ற காரணமே மாறிவிட்டது. அன்று இடம். இன்று ஐந்நூறு ஜிபி லேப்டாப்பில் இருபது லைப்ரரியை எடுத்து என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்? இன்றைய காரணம் பயம். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சாதுவான சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டுக் கதவு வைத்திருந்தது தெரியவந்தது. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் கண்டுபிடித்தார். சுருக்கும் கருவிக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் என்ன உறவு? சில லினக்ஸ் வகைகள் எஸ்எஸ்ஹெச்சோடு சிஸ்டம்டி லைப்ரரியைச் சேர்த்திருந்தன. அது எக்ஸ்இஸட்டின் லைப்ரரியை இழுத்து வந்தது. குடும்பத்துடன் வந்தவர்தான்! உள்ளே இருக்கும் ஒவ்வொரு பேக்கேஜும் யாரோ ஒருவர் நுழையக்கூடிய ஒரு ஜன்னல் என்று சர்வர் நடத்துகிறவர்கள் எண்ணத் தொடங்கியது அதற்கு முன்பே. அந்த நிகழ்வு மற்றவர்களுக்கும் உறைக்கவைத்தது.

இடத்துக்காக எடுப்பதும் முழுக்கப் போய்விடவில்லை. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில், டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர் படம் ஏற்ற இடம் வேண்டி அந்தப் பார்ட்டிஷனையே அழித்தார்கள். தேவையில்லாத பேக்கேஜ் எது என்ற கேள்விக்கு அவர்களுடைய பதில் 'லினக்ஸ்'. சொல்லச் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

இன்னொரு கூட்டம் நீக்குவதையே விட்டுவிட்டது. டாக்கர் கன்டெய்னரில் ஒரு பேக்கேஜ் வேண்டாமென்றால் எடுப்பதில்லை, அது இல்லாமல் புதிதாகக் கட்டிவிடுகிறார்கள். எடுத்தாலும் பயனில்லை. இமேஜ் அடுக்கடுக்காக இருப்பதால், கீழடுக்கில் ஏற்றியதை மேலடுக்கில் அழித்தால் கண்ணுக்கு மறையுமே தவிர அளவு குறையாது. சுவரில் எழுதியதன் மேல் சுண்ணாம்பு அடித்த கணக்கு. ஸ்னாப் வேறு மாதிரி. ஒன்றை நீக்கினாலும் அதன் டேட்டாவை 31 நாள் பொத்திவைத்திருக்கும், மனம் மாறினால் திரும்பப் பெறலாம். ஃப்ளாட்பேக்கில் 'அன்யூஸ்டு' என்று கேட்டால் யாருக்கும் வேண்டாத ரன்டைம்களைக் காட்டி எடுக்கும். டெப்ஆர்ஃபன் சனிக்கிழமைகள் அங்கே மறு அவதாரம் எடுத்திருக்கின்றன.

போன மாதம் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பழைய டெபியன் சர்வரை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். வழக்கம்போல முதலில் 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்', நானாகக் கேட்டு வந்தவை எவை என்று. பட்டியலில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்தது. பிடிஎஃப், பிரிண்டிங் சமாசாரம். இந்த சர்வரில் பிரிண்டர் கிடையாது. 'மைனஸ் எஸ்' போட்டு ஒத்திகை பார்த்தேன். உண்மையில் எதையும் தொடாமல், எடுத்தால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் போகும், அதனோடு வந்த சில லைப்ரரிகளும் எழுத்துருக்களும் அனாதையாகும், வேறு எவரும் அசைய மாட்டார்கள். ஆப்ட்டைப் பொறுத்தவரை வழி சுத்தம்.

ஆனால் அதை அழைத்தவன் நான். மேனுவல் என்று பளிச்சென்று இருக்கிறது. எதற்கு அழைத்தேன்? ஹிஸ்டரி லாக் ஒரு வருடத்துக்கு மேல் பின்னால் போகவில்லை. பழையது சுழற்சியில் போய்விட்டது. கிரான் வேலைகளில் தேடினேன், ஸ்கிரிப்ட்களில் கிரெப் போட்டேன். எங்கும் அந்தப் பெயர் இல்லை. மாதக் கடைசியில் யாராவது கையால் ஓட்டும் ஒரு பில் ஸ்கிரிப்ட், நான் பார்க்காத ஹோம் டைரக்டரியில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2009-ஓடு எழுதுவதை நிறுத்தியிருந்தேன், கணினியே கணக்கு வைக்கிறதே என்று.

கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை விட்டுவிட்டேன். பேனாவைத் தேடி, பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, மூன்றாவது பத்தியில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.